வீட்டுக்குள்ளிருந்து எழுதப்படும் நாவல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலாயாவில் தமிழ் நாவல் 1917-ஆம் ஆண்டிலேயே அச்சேறிவிட்டது. 1950-இல் கோலாலம்பூரில் வெளிவந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை வகுப்பு நடத்தினார்கள். அதில் பயின்று எழுத வந்தவர்கள் மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்கு ஒரு தலைமுறையையே தந்தார்கள். நாவல் எழுதுகிறவர்கள் மட்டும் இன்றும் பெரும்பாலும் தனியாகவே கற்றுக்கொள்கிறார்கள். அலுவலகம் முடிந்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதே மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார்கள். எழுதுவதும் பெரும்பாலும் அந்த வீட்டைப் பற்றித்தான். தாத்தா வந்த கப்பல், பாட்டி ரப்பர்ப் பால் எடுக்க வெட்டிய பால்மரம், அப்பா விட்டுவந்த தோட்டம், அம்மா கட்டிக்காத்த குடும்பம்.

பினாங்கில் இருக்கும் எனக்கு இத்தகைய கைப்பிரதிகள் வந்துகொண்டே இருக்கின்றன. எழுதத் தெரியாததால் கெட்டுப்போன பிரதி அவற்றில் குறைவு. வீட்டை எப்படி நடத்துவது என்பதில்தான் பெரும்பாலானவை தடுமாறுகின்றன. நாவலுக்குப் பொருள் தருவதும் வீடு, நேரம் தருவதும் வீடு, கடைசியில் அச்சுக்கூலி தருவதும் வீடு. அந்த வீட்டில் இருப்பவர்கள் தனித்தனி மனிதர்கள் என்பதை எழுதுகிறவர் மறக்கும் இடத்தில் தவறு தொடங்குகிறது.

பாட்டியிடம் பொதுவாகக் கேட்பது

“அந்தக் காலத்தில் தோட்டத்தில் எப்படி இருந்தது, பாட்டி?” என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும். “ரொம்பக் கஷ்டம் ஐயா. இப்போது உங்களுக்கு எல்லாம் இருக்கிறது.” அந்தப் பதிலைப் பாட்டி பல ஆண்டுகளாகச் சொல்லி வழக்கப்படுத்திக்கொண்டிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு ஒரு பத்தி எழுதலாம், நாவல் எழுத முடியாது.

சின்னதாகக் கேளுங்கள். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, போக எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? அப்போது கைக்குழந்தையை யாரிடம் கொடுத்தீர்கள்? ஆயாக் கொட்டகைக்குப் பால் யார் கொண்டுபோனார்கள்? மழை பெய்து மரம் நனைந்த நாளில் சம்பளத்துக்குப் பேர் விழுந்ததா, இல்லையா? சம்பள நாளில் கடைக்காரர் எங்கே நின்றுகொண்டிருந்தார்? வாளியைத் தூக்கி எந்தத் தோள் காய்த்துப்போனது? இப்படிக் கேட்கும்போது பாட்டிக்கு முதலில் எரிச்சல் வரும். “இதெல்லாம் ஒரு கேள்வியா?” என்பார். பிறகு, யாரும் இதுவரை கேட்காததால் யாரிடமும் சொல்லாத ஒன்று வெளியே வரும். நாவலுக்கு வேண்டியது அதுதான்.

தனியாகக் கேட்பதைவிட, அதே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) வாழ்ந்த இன்னொருவரையும் அருகில் உட்காரவைத்துக் கேட்பது நல்லது. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுப்பார். “இல்லை அக்கா, அது பெரிய கிராணி (தோட்ட எழுத்தர்) காலம், நீங்கள் சொல்வது அவர் தம்பி காலம்” என்பார். அந்த வாக்குவாதத்தைக் குறுக்கே பேசாமல் பதிவுசெய்யுங்கள். கைப்பேசியில் பதிந்ததைத் தேதியும் பெயரும் போட்டு இன்னோர் இடத்திலும் சேமியுங்கள். கைப்பேசி பழுதாகி, பாட்டியும் போன பிறகு, அந்தக் குரலை மீட்க வழியே இல்லை.

இதற்கு ஓய்வு பெறும்வரை காத்திருப்பது பெருந்தவறு. நாவலை எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். எண்பது வயதைக் கடந்தவரிடம் கேட்க வேண்டியதை இந்த மாதமே கேட்க வேண்டும்.

நினைவில் இருப்பதை ஆண்டோடு ஒப்பிடாமல் விடுவது

நம் குடும்பங்களில் எல்லாத் தாத்தாக்களும் ரஜூலா கப்பலில் வந்தவர்கள். 1920-இல் வந்தவரும் ரஜூலாவில்தான் வந்தார் என்பார்கள். ரஜூலா கட்டப்பட்டது 1926-இல். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று ஓடி 1973-இல் ஓய்ந்தது. ஆகவே 1920-இல் வந்த தாத்தா வேறொரு கப்பலில்தான் வந்திருக்க வேண்டும். கதைசொல்லி தன் குரலில் ‘1920-ஆம் ஆண்டு ரஜூலாவில் வந்திறங்கினார்’ என்று எழுதினால், தெரிந்த வாசகர் அந்த வரியிலேயே நம்பிக்கை இழப்பார். அதையே ஒரு பாத்திரம் சொல்வதாக எழுதினால் பிழையில்லை. குடும்பங்கள் அப்படித்தான் நினைவு வைத்திருக்கின்றன. எது மனிதரின் நினைவு, எது நாவலின் சாட்சியம் என்பதை எழுதுகிறவர் தெரிந்து எழுத வேண்டும்.

இத்தகைய இடறல்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். 1955-இல் நடக்கும் காட்சியில் ஒருவர் ‘மலேசியா’ என்கிறார். மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16-இல். அதற்கு முன் அது மலாயா. போர் முடிந்த பிறகு கங்காணி ஊருக்குப் போய் ஆள் திரட்டி வருகிறார். பயண உதவி பெற்று மலாயாவுக்குத் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் 1938-இலேயே தடைசெய்துவிட்டது. 1979-இல் பட்டர்வொர்த்திலிருந்து பஸ் ஏறிப் பாலம் வழியாகத் தீவுக்கு வருகிறார் கதாநாயகி. பினாங்குப் பாலம் திறந்தது 1985-இல். அவர் ஃபெரியில்தான் வந்திருக்க முடியும். பாலத்தை எடுத்துவிட்டு ஃபெரியை வைத்தவுடன் காட்சியே மேலாகிறது. காத்திருக்கும் கூட்டம், தளத்தில் காற்று, எதிரே வரும் இன்னொரு ஃபெரியில் தெரிந்த முகம் என்று எழுத எவ்வளவோ கிடைக்கும். சரிபார்த்தல் கற்பனையைக் கட்டிப்போடும் என்று அஞ்சுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன்: உண்மையான தடைதான் காட்சியைப் பிறப்பிக்கிறது.

ஜப்பானியர் காலத்தைத் தொடுகிறவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில் குண்டு விழத் தொடங்கியது 1941 டிசம்பர் 11-இல். ஜப்பானியப் படை தீவுக்குள் வந்தது டிசம்பர் 19-இல். ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதை ஏறத்தாழ 415 கிலோமீட்டர். 1942-இன் நடுப்பகுதியில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதற்கு ஆள் பிடித்த கதை நம் குடும்பங்களில் பல உண்டு. ஆனால் 1944-இல் ‘ரயில் பாதை போட’ முதல்முறையாகப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று எழுதினால், காணாமற்போன ஒரு பெரியப்பாவின் வாழ்க்கையையே நாம் தவறாகச் சொல்லிவிடுகிறோம். அவர் எங்கே போனார் என்று இன்றும் தெரியாத வீடுகள் இருக்கின்றன. குறைந்தபட்சம் ஆண்டையாவது அவருக்குச் சரியாகக் கொடுக்க வேண்டாமா?

கோலாலம்பூரில் தேசிய ஆவணக் காப்பகமும் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையும் இருக்கின்றன. பழைய நாளிதழ்களைப் புரட்ட ஒரு விடுமுறை நாளை ஒதுக்குங்கள். அரிசி என்ன விலை, எந்தப் படம் ஓடியது, எதற்கு யார் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதெல்லாம் அங்கே கிடைக்கும். கிடைத்ததையெல்லாம் நாவலில் கொட்டிவிடக் கூடாது. இரண்டு தொழிலாளர்கள் கள்ளுக்கடை வாசலில் நின்று ஒருவருக்கொருவர் கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை அடக்க வந்த 1948-ஆம் ஆண்டு அவசரகாலச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தால், அங்கே பேசுவது ஆசிரியர்தான். அவர்களுக்கு அது முள்கம்பி வேலியாகவும், அடையாளக் கார்டாகவும், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டிய அவசரமாகவும்தான் தெரிந்தது.

துன்பம் தாத்தாவோடு முடிந்துவிட்டதாக நினைப்பது

தோட்டம் இருந்தால்தான் நாவல் என்று ஓர் எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. எழுதுகிறவர் பால்மரத்தைத் தொட்டதே இல்லை. அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவர். இருந்தும் ரப்பர் மரங்களின் கித்தாக் காட்டிலேயே தொடங்குகிறார். பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் வந்தது. தோட்டத்துப் பெண்கள் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினார்கள், இரவு வேலை பார்த்தார்கள், சொந்தச் சம்பளத்தில் முதல் தடவையாகத் தங்களுக்கென்று ஒரு சேலை எடுத்தார்கள், சிலர் வீட்டாரைக் கேட்காமல் மணமும் செய்துகொண்டார்கள். அந்தப் பெண்கள் இன்று நமக்கு அம்மாவாகவும் சித்தியாகவும் அத்தையாகவும் வீட்டிலேயே இருக்கிறார்கள். அவர்களிடம் ஏன் யாரும் கேட்பதில்லை? தோட்டம் செம்பனையானது, பிறகு தாமான் எனும் குடியிருப்புப் பகுதி ஆனது, கோயிலை எங்கே மாற்றுவது என்று மூன்று கூட்டம் நடந்தது. இவையும் நாவல்தான். நீங்கள் கண்ணால் பார்த்தவை என்பதால் இவற்றில் உங்கள் கை நடுங்காது.

மொழியும் அப்படித்தான். தமிழ்நாட்டு வாசகருக்குப் புரியாதோ என்று பயந்து பாத்திரங்களை மதுரையிலோ சென்னையிலோ பிறந்தவர்களைப்போலப் பேசவைக்கிறார்கள். பட்டர்வொர்த்து மாமா ‘பசியாறினீர்களா’ என்று கேட்கட்டும். தவுக்கே தவுக்கேயாகவே வரட்டும், பாசாரில் மீன் வாங்கட்டும், மண்டோர் திட்டட்டும். அடிக்குறிப்பு வேண்டாம்; சூழலிலிருந்தே வாசகர் புரிந்துகொள்வார். வேடிக்கைக்காக வரிக்கு வரி மலாய்ச் சொல் தூவுவதும் தவறு.

அம்மாவைச் சிலையாக்குவது

இதைத்தான் நான் மிகவும் வருந்திச் சொல்வேன். நம் நாவல்களில் அம்மா அழுகிறாள், உழைக்கிறாள், பட்டினி கிடக்கிறாள், மகன் பட்டம் வாங்கும் நாளில் இறந்துவிடுகிறாள். அவளுக்கு ஆசை இல்லை, கோபம் இல்லை, பொய் இல்லை, பிடிக்காத மருமகள்கூட இல்லை. எழுதுகிறவர் நன்றிக்கடனாகத்தான் அப்படி எழுதுகிறார் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் வாழ்ந்த பெண்ணுக்கு அது நன்றி ஆகாது. அவள் பட்ட பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அவளை விட்டுவிடுகிறது.

உண்மையான அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். சீட்டுப் பணத்தை அப்பாவுக்குத் தெரியாமல் மறைத்து வைத்திருந்தவர். மகளின் பள்ளிப் பயணத்துக்குப் பணம் இல்லை என்று சொல்லிவிட்டு, அதே மாதம் அடகிலிருந்த வளையலை மீட்டுக்கொண்டு வந்தவர். மூத்தவனிடம் ஒரு நியாயமும் இளையவனிடம் வேறு நியாயமும் பேசியவர். பக்கத்து லயத்துப் பெண்ணோடு பல ஆண்டுகள் பேசாமல் இருந்து, அவள் சாவுக்கு முதல் ஆளாகப் போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தவர். அந்த வளையலை அவர் ஏன் மீட்டார்? மகள் மனத்தில் அது என்னவாகத் தங்கியது? இந்தக் கேள்வியோடு ஓர் அத்தியாயம் எழுதினால் தியாகம் என்ற சொல்லே தேவைப்படாது. வாசகர் தம் அம்மாவை அங்கே பார்ப்பார்.

அப்பாவுக்கு நேர்வது இதற்கு மறுதலை. அவர் குடித்தார், அடித்தார், அவ்வளவுதான். குடித்தது உண்மையாக இருக்கலாம். அடித்ததும் உண்மையாக இருக்கலாம். அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் குடிக்காத பகல் பொழுதுகளில் அவர் என்ன செய்துகொண்டிருந்தார்? 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாமல் சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை அனுமதி தேவைப்பட்டது. பலர் குடும்பத்தோடு இந்தியாவுக்குத் திரும்பினார்கள். சிலர் பிரிந்து போனார்கள். கப்பலேறிய அண்ணனைத் துறைமுகத்தில் வழியனுப்பிவிட்டு வந்த ஒருவர் அன்று மாலை எங்கே போனார் என்று எழுதுங்கள். அவர் செய்த தவறு குறையாது, ஆனால் அவர் மனிதராகிவிடுவார். பழி தீர்ப்பதற்காக எழுதப்படும் நாவலில் எழுதுகிறவரின் காயம் மட்டுமே பெரிதாகத் தெரியும்.

பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது

முனியம்மாவை மாரியம்மா ஆக்கிவிட்டு, மற்றதையெல்லாம் அப்படியே வைத்திருப்பார்கள். பிறை அருகே தோட்டம், ஐந்து பிள்ளைகள், இரண்டாம் மகன் ராணுவத்தில், மூன்றாம் மகள் ஓடிப்போனாள். அந்தத் தோட்டத்தில் வாழ்ந்த எவருக்கும் ஆள் யாரென்று விளங்கிவிடும். பழைய தோட்டத்து மக்களுக்கு இப்போது புலன (வாட்ஸ்அப்) குழுக்கள் இருக்கின்றன. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலில் எல்லோரும் எதிர்ப்படுகிறார்கள். ‘ஓடிப்போன’ அந்த மகள் இன்று பாட்டியாக, பேரனைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கே நிற்பார்.

மறைக்க வேண்டுமானால் வேரிலிருந்து மாற்றுங்கள். தொழிலை, ஊரை, பிள்ளைகளின் எண்ணிக்கையை, சம்பவம் நடந்த ஆண்டை மாற்றுங்கள். இருவரை ஒருவராக்குங்கள். இப்படி மாற்றும்போது பாத்திரம் உங்கள் உறவினரிடமிருந்து விலகித் தனக்கென்று நடக்கத் தொடங்கும்; அது நாவலுக்கே நல்லது. ‘உன்னிடம் மட்டும் சொல்கிறேன்’ என்று ஒருவர் சொன்னதை, அவர் உயிரோடு இருக்கும்வரை, அவர் சம்மதமில்லாமல் தொடாதீர்கள். இலக்கியத்துக்காக என்று அதற்கு நியாயம் சொல்பவர்களோடு நான் உடன்படுவதில்லை.

யாருடைய வேதனை நாவலின் நடுவில் இருக்கிறதோ, அவருக்கு அச்சுக்கு முன் அந்தப் பகுதியைப் படித்துக் காட்டுங்கள். வெட்டச் சொன்னால் வெட்டியே ஆக வேண்டுமா? அது உங்கள் முடிவு. ஆனால் அவர் அதை முதன்முதலில் நூல் வெளியீட்டு மேடையில், ஊரார் நடுவில் உட்கார்ந்து தெரிந்துகொள்ளக் கூடாது.

விடாமுயற்சியை வீட்டின் தலையில் கட்டுவது

நாவலின் முன்னுரையில் ‘பொறுமையோடு ஒத்துழைத்த என் துணைவியாருக்கு’ என்று ஒரு வரி தவறாமல் வருகிறது. அந்த ஒத்துழைப்பு என்னவென்று பார்த்தால், சமையல், துவைப்பு, பிள்ளைகளின் பாடம், மாமியாரின் மருத்துவமனைப் பயணம் எல்லாவற்றையும் அவர் ஒருவரே பார்த்துக்கொண்டதுதான். நம்மிடையே நாவல் எழுதும் பெண்களுக்கு அத்தகைய துணைவி கிடைப்பதில்லை. அவர்கள் எல்லா வேலையும் முடித்த பிறகு, கண் எரிய எரிய எழுதுகிறார்கள். விடாமுயற்சி என்ற சொல்லை நான் முதலில் அவர்களுக்குத்தான் தருவேன்.

ஆணோ பெண்ணோ, வீட்டாரோடு வெளிப்படையாகப் பேசி ஒரு நேரத்தைப் பெறுங்கள். ‘எழுதும்போது தொந்தரவு செய்யாதே’ என்று நாள் முழுக்கச் சொல்வதைவிட, ‘காலை ஐந்தரை முதல் ஆறரை வரை எனக்கு, இரவுப் பாத்திரம் என் பொறுப்பு’ என்று சொல்வது நிலைக்கும். தீபாவளி வாரத்தையும் பிள்ளைகளின் தேர்வு மாதத்தையும் முன்கூட்டியே விட்டுவிடுங்கள். அந்த நாட்களில் எழுத முடியவில்லையே என்று நொந்துகொண்டு வீட்டில் எரிந்து விழுவதால் ஒரு பக்கமும் எழுதப்படாது.

முதல் அத்தியாயத்தையே ஆண்டுக்கணக்கில் செதுக்குகிறவர்கள் அதை விடாமுயற்சி என்று எண்ணிக்கொள்கிறார்கள். முடிவுவரை ஒருமுறை எழுதிவிடுங்கள், மோசமாக இருந்தாலும் பரவாயில்லை. கடைசி அத்தியாயம் எழுதிய பிறகுதான் முதல் அத்தியாயம் எதைச் சொல்ல வேண்டும் என்பது தெரியவரும். ஒரு நாள் எழுதி நிறுத்தும்போது காட்சியின் நடுவில் நிறுத்துங்கள். இடையில் மூன்று நாள் விட்டுப்போனாலும் திரும்பிப் பிடிக்க ஒரு நூல் இருக்கும். போட்டியின் இறுதி நாளுக்காக அவசரமாக முடித்த பிரதியை, பரிசு கிடைக்காவிட்டால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அது முதல் வரைவு.

கணினியில் இருக்கும் பழைய பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளை 1985-இல் உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டவர்; தமிழ் எழுத்துருத் தொழில்நுட்பத்தில் முன்னே நின்ற நாடு இது. இருந்தும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த நாவல்கள் இன்று திறந்தால் புரியாத குறிகளாக நிற்கின்றன. உங்களிடம் அப்படி இருந்தால் இப்போதே யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பிரதி தாளிலும் எடுத்து வையுங்கள்.

அச்சும் அதன் பிறகும்

வெளியீட்டு விழாவில் முதல் நூலை ஒரு பிரமுகர் பெரிய தொகை கொடுத்து வாங்குவார், அச்சுச் செலவு வந்துவிடும் என்று கணக்குப் போட்டு ஆயிரம் பிரதி அடிக்காதீர்கள். குறைவாக அச்சிட்டு, தேவைப்பட்டால் மீண்டும் அச்சிடுங்கள். எவ்வளவு செலவாகும், எங்கிருந்து எடுக்கிறீர்கள் என்பதை அச்சகத்துக்குப் போகும் முன்பே வீட்டில் சொல்லுங்கள். கட்டிலுக்கடியில் அடுக்கிய கட்டுகளைப் பார்த்துப் பார்த்து ஒரு குடும்பம் எழுத்தையே வெறுத்துவிடும். தேசிய நூலகத்திடம் ஐ.எஸ்.பி.என். எண்ணை முன்னதாகவே பெற்றுவிடுங்கள். 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வெளியான ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட நூல்கள் நம்மிடம் எத்தனையோ. இருபது ஆண்டுகள் கழித்து ஒரு மாணவி தேடும்போது அவை எங்கும் கிடைப்பதில்லை.

உறவினர்கள் நூலை வாங்கிவிட்டுப் படிக்கவில்லையே என்று மனம் சோர்ந்து அடுத்த நாவலை நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. படிக்காததற்குக் காரணம் அலட்சியம் என்று முடிவுகட்டாதீர்கள். மலாய்ப் பள்ளியில் படித்த தம்பி பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. அவர்களுக்கு ஓர் அத்தியாயத்தை வாய்விட்டு வாசியுங்கள், அல்லது பதிவு செய்து அனுப்புங்கள்; காரில் போகும்போது கேட்பார்கள். ‘பாட்டி இப்படியா பேசினார்?’ என்று அழைத்துக் கேட்பார்கள்.

பெரியவர்களில் யாராவது ஒருவர், பெரும்பாலும் வயதான அத்தை, முழுவதும் படித்துவிட்டு “இது இப்படி நடக்கவில்லையே” என்பார். அவரிடம் புனைவுக்கும் வரலாற்றுக்கும் உள்ள வேறுபாட்டை விளக்கிக்கொண்டிருக்காதீர்கள். எப்படி நடந்தது என்று கேட்டு, தேதி போட்டு எழுதிவையுங்கள். ஆண்டும் இடமும் பிழையாக இருந்தால் இரண்டாம் பதிப்பில் திருத்துங்கள். மற்றவை அடுத்த நாவலுக்கு ஆகும்.